பறிமுதல் பட்டியல்

குமார பூர்ணிமை. சோன்பூரில் அன்று
நிலா எங்கள் ஜீப்புக்கு முன்னால் போய்
காட்டிக்கொடுத்தது.
தறிக்கொட்டகைக்குப் பின்னால் நால்வர்,
ஒரு பெட்ரோமாக்ஸ்,
முந்நூற்று நாற்பது ரூபாய், ஒரு மரப்பெட்டி.
யாரும் ஓடவில்லை.
லம்போதர் மட்டும்
'இந்தச் சுற்று முடியட்டும் மேடம்' என்றார்.
நான் முடிய விடவில்லை.

பறிமுதல் பட்டியல் எழுதுவது என் வேலை.
'வட்டச் சீட்டுகள், ஒரு பெட்டி' என்று எழுதினேன்.
பண்டா சார் தாளைக் கசக்கினார்.
'எத்தனை, எது எது, தனித்தனியாக எழுது.
வக்கீல் குறுக்கே கேட்டால்
கிழியப்போவது உன் சீட்டு.'
சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

மேசையில் கொட்டினேன்.
உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டங்கள்.
துணிமேல் துணி, புளியங்கொட்டைப் பசை, அரக்கு.
இவை கிழிகிற சாதி அல்ல.
மஞ்சளில் குரங்கு, பச்சையில் வில்,
சிவப்பில் பத்துத் தலை, எல்லாம் முறைத்தன.
பதினோரு வருட சர்வீஸில்
முகம் தெரிந்து பெயர் தெரியாமல் நின்றது
அன்றுதான்.

நாற்காலியைக் கம்பிக்கு அருகே இழுத்தேன்.
'இது யார்?'
'ராஜா.'
'இது?'
'ராஜாதான். நிறம் வேறு.'
'குதிரைமேல் இருக்கிறவன்?'
'மந்திரி. ராஜாவுக்குத் தேர், மந்திரிக்குக் குதிரை.
பண்டா சாருக்கு ஜீப், உங்களுக்கு சைக்கிள்' என்றார்
பள்ளிக்கூட குமாஸ்தா பைராகி.
நான் சிரிக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

எட்டு நிறம். நிறத்துக்குப் பன்னிரண்டு.
ராஜா, மந்திரி, பிறகு பத்திலிருந்து ஒன்று வரை.
'பத்து பெரிது' என்று குறித்துக்கொண்டேன்.
அதுவரை வாய் திறக்காத நெசவாளி
கிருபாசிந்து மேஹர் செருமினார்.
'ராமன் பக்கத்தில்தான் பத்து பெரிது.
ராவணன் பக்கம் தலைகீழ்.
அங்கே ஒற்றை வந்தால்
பத்து ஒதுங்கி வழிவிட வேண்டும்.'
'ஏன்?'
'பத்துத் தலை இருக்கிறவனுக்குப்
பத்து ஒரு பொருட்டா?'
'அது சும்மா சொல்வது' என்றார் பைராகி,
'என் மாமனார் ஊரில் காரணம் வேறு.'
கம்பிக்குள் சண்டை.
இரவு ஆட்டத்தைத் தொடங்க ஒரு ராஜா,
பகல் ஆட்டத்துக்கு வேறொரு ராஜா.
ஆடிக்கொண்டிருக்கும்போதே விடிந்துவிட்டால்?
அதற்கும் சண்டை.

மணி ஒன்றரை. தரையில் வரிசை வரிசையாக அடுக்கினேன்.
எட்டுக் கைகள் வெளியே நீண்டு திருத்தின.
தொண்ணூற்றைந்து.
மறுபடி எண்ணினேன். தொண்ணூற்றைந்து.
ராவணன் பக்கம், கறுப்பில்
ஒற்றை இல்லை.

நேற்றென்றால்
'போனது போகட்டும், அற்பம்' என்றிருப்பேன்.
இப்போது வயிற்றில் ஏதோ துள்ளியது.
யார் விடுவார்கள் அதை?
மற்ற மூவரும் மெல்லத் திரும்பினார்கள்.
'கிருபா... உன் கையிலா இருந்தது?
நான் இருபது ரூபாய் வைத்தேனே!'
அவர் பேசவில்லை.
வேட்டி மடிப்பை ஒரு விரல் தொட்டு
மீண்டது.

சோதனை போட ஆளை எழுப்பியிருக்கலாம்.
கொசு கடித்தது. பேனா மூடியைத் தேடினேன்.
தொண்ணூற்றைந்து, என்று எழுதினேன்.
கறுப்பு ஒற்றை: காணவில்லை.

கோர்ட்டில் நீதிபதி
மூக்குக்கண்ணாடியை இறக்கிக் கேட்டார்:
'பத்து பெரிதா, ஒன்று பெரிதா?
அதுவாவது தெரிந்து வழக்குப் போட்டீர்களா?'
'யார் பக்கம் என்பதைப் பொறுத்தது, ஐயா.'
சிரிப்பு. பண்டா சார் மட்டும்
கூரையைப் பார்த்தார்.
ஆளுக்கு ஐம்பது ரூபாய் அபராதம்.
பெட்டியைத் திருப்பித் தர உத்தரவு.

படிக்கட்டில் கையெழுத்து வாங்கினேன்.
கிருபாசிந்து மடியிலிருந்து எடுத்து
மூடியின்மேல் வைத்தார்,
கறுப்பு வட்டம், நடுவில் ஒரே ஒரு குறி,
உடம்புச் சூடு இன்னும் போகவில்லை.
'அந்தச் சுற்று பாக்கியிருக்கிறது' என்றார் லம்போதர்,
யாரையும் பார்க்காமல்.

டூட்டி ஐந்துக்கு முடியும்.
தேல் ஆற்றுப் பக்கம்
வெயில் அப்போதும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.
'பகலுக்கு' என்று கேட்டேன்,
'எந்த ராஜா?'